கிணற்று மண்ணில் ஒரு கடல்

கடுகில் பாதி அளவுள்ள பூச்சிக்குக் கண் இருக்கிறதா என்று தேடித் தேடிச் சொந்தக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதுதான் எங்கள் தொழில். மைக்ராஸ்கோப்பில் குனிந்தே கழுத்து போனவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான இந்தப் பூச்சி கடலடிச் சேற்றில் வாழ்ந்து கல்லாகிப்போனது. ஓட்டில் கண்மேடு, அதாவது கண் இருந்த சின்னப் புடைப்பு, இருந்தால் அங்கே வெளிச்சம் எட்டியிருக்கிறது, கடல் ஆழமில்லை. இல்லாவிட்டால் இருட்டு, ஆழம். எழுபதுகளின் கடைசியில், டாக்டர் பட்டத்துக்காக, உத்திரமேரூர்ப் பக்கம் கிணறு வெட்டும் இடமெல்லாம் போய் மண் அள்ளினேன்.

மூட்டை

பெருநகர் என்ற அந்தப் பக்கத்துக் கிராமத்தில் மெட்ராஸ் பஸ் ஏறும்போது கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, நெல்லா என்றார். மண் என்றேன். நம்பவில்லை, பிரித்துக் காட்டினேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. இறக்கிவிடுவாரோ என்று மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் விசிலை ஊதிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, மெட்ராஸ்ல மண்ணே இல்லியா? எங்கூரு மண்ணத் தூக்கிக்கினு போறியே!"

குவியல்

ஒரு புதுக் கிணற்றின் கரையில் கிடந்த குவியலில், மேலே உள்ளது புதுசு, அடியில் உள்ளது பழசு என்று பைபையாக அள்ளிச் சீட்டு ஒட்டினேன். அடிமண்ணில் கண்ணுள்ளவை, மேல்மண்ணில் கண்ணில்லாதவை. அப்படியானால் கடல் வரவர ஆழமாகியிருக்கிறது. என் பேராசிரியர் வெகுகாலமாகச் சொல்லிவந்ததும் அதுதான், தட்டிக்கொடுத்தார்.

அடுத்த தடவை போனபோது, கிணறு வெட்டும் ஏகாம்பரம் சீட்டு எதற்கு என்று விசாரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையே வந்தது. "இன்னாம்மா நீ, மொதல்ல வெட்னதுதானே அடியில கெடக்கும்? மேல கீறது நேத்து பாதாளத்துலேர்ந்து வந்துது!"

கையெழுத்து

பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். கிணறு வெட்டுகிறவன் பேச்சைக் கேட்டா ஆராய்ச்சி எழுதுவார்கள், ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் பழையபடி இருந்தால்தான் கையெழுத்து என்றார். ஆத்திரமாக வந்தது. நேரே போய், இடுப்பில் கயிறு கட்டி அந்தக் கிணற்றுக்குள் இறங்கினேன். கயிற்றை ஏகாம்பரம் பிடித்துக்கொண்டார். சுவரில் முழத்துக்கு முழம் நானே சுரண்டினேன். கழுவிப் பார்த்தால், கிணற்றின் அடிமண்ணில் ஒன்றுக்கும் கண் இல்லை. மேலே வரவர எல்லாம் முழித்துப் பார்த்தன. கடல் ஆழமாகவில்லை, வற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

"மாற்றிய அத்தியாயம் இதுதான் சார். பழையதைக் கிழித்துவிட்டேன்" என்று மேஜையில் வைத்தேன். அவர் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உன் கிணற்றுக்காரனையே கையெழுத்துப் போடச் சொல்லேன்."

வேறொரு பேராசிரியரைத் தேடிப் பிடித்து இரண்டு வருஷம் தள்ளித்தான் பட்டம் வாங்கினேன், நன்றியுரையில் முதல் பெயர் ஏகாம்பரம்.