இருட்டக்காவின் சாயங்காலம்

எங்கள் பசுமைக்குடிலில் அவளுக்கு இருட்டக்கா என்று பெயர். சாமந்தித் தொட்டிகளுக்கு இருட்டு போடுவது அவள் வேலை. சாமந்தி வீம்பு பிடித்த செடி. பகல் நீண்டிருக்கும் மாதங்களில் மொட்டே வைக்காது. இலையாக விட்டுக்கொண்டு நிற்கும். சாயங்காலமே கறுப்புத் துணியை இழுத்து மூடி, காலையில் திறந்து, பொழுது சீக்கிரம் சாய்ந்துவிட்டது என்று அதை நம்ப வைக்க வேண்டும். துணி விலகி வெளிச்சம் பட்ட வரிசை மட்டும் பூக்காமல் பின்தங்கிவிடும்.

மூடுவதிலும் தொல்லை உண்டு. வெயில் தணியாமல் மூடினால் துணிக்கடியில் புழுங்கி, ரோஸ் நிறம் வெளுத்து, பூ சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். அக்கா நடைபாதையில் தண்ணீர் தெளிப்பாள், விசிறிகளைப் போடுவாள், துணிக்கடியில் கையை விட்டுப் பார்ப்பாள், காத்திருப்பாள். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

அவளுக்கு ஞாயிறு கிடையாது. ஒரு தொகுதித் தொட்டிகள் மொட்டில் நிறம் காட்டியதும் துணியை எடுத்துவிடலாம்தான். அதற்குள் அடுத்த தொகுதி வந்து நிற்கும்.

அவள் கணவர் இரவு பஸ் ஓட்டுபவர். இவள் வீடு திரும்பும்போது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். காலையில் அவர் வரும்போது இவள் துணி திறக்கக் கிளம்பியிருப்பாள்.

"'யாரும்மா நீங்க, எங்கயோ பார்த்த முகமா இருக்கே'ன்னு வாசல்ல நின்னு கேக்குறாருடி" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு துணியின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னாள்: "உன்னை மாதிரி பேக்கிங்ல போட்டா நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடலாம். அந்த மனுஷனோட உக்காந்து ஒரு வாய் சாப்பிடலாம். வேற என்ன கேக்குறேன்?"

சூப்பர்வைசரிடம் கேட்டாள். "இந்தத் தொகுதி ஒரே சீரா வரட்டும், பார்க்கலாம்" என்றார்.

அந்த முறை வெயில் வாட்டி எடுத்தது. அக்கா உயிரைக் கொடுத்து வேலை பார்த்தாள். தொட்டிகள் பேக்கிங்குக்கு வந்தபோது கழிப்பதற்கு எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எல்லாம் ஒரே உயரம், ஒரே அடர்ந்த ரோஸ்.

சூப்பர்வைசர் ஒரு தொட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா! இவ்வளவு நேர்த்தியா செய்யற ஆளை எப்படிம்மா மாத்துறது? நீங்க இல்லன்னா அந்த வேலையே நடக்காது."

அவர் அதைப் பாராட்டு என்றுதான் நினைத்தார். அக்கா தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவில்லை. "பேசாம ஒரு ஓரத்தைத் தூக்கி விடுங்கக்கா. தினமும் விடுங்க. ஒரு வரிசை பூக்காம நிக்கட்டும். அவரே உங்களை மாத்திடுவாரு" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. அதுவே ஆச்சரியம். புதுத் தொகுதிமேல் துணியை இழுத்துக்கொண்டு போய், கடைசி மூலையில் அதன் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். வெயில் உள்ளே புகுந்து முதல் வரிசை இலைகளில் விழுந்தது.

"விட்டுட்டு வாங்கக்கா."

வெகுநேரம் நின்றாள். பிறகு குனிந்து, விளிம்பைத் தொட்டிகள் வைத்த பலகைக்கடியில் செருகினாள். எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று தடவியும் பார்த்தாள்.

"முடியலடி" என்றாள். "இந்தக் கை நாசமாப் போக."

அவ்வளவு வெறுப்போடு ஒருவர் தன் கையையே பார்த்து நான் கண்டதில்லை.