இடது பக்கத்து நாற்காலி

என் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் இருக்கிறவள் என்னோடு பேசிப் பதினெட்டு வருசம் ஆகிறது. தண்ணீர் லாரி வந்தால் இரண்டு பேரும் குடத்தோடு நிற்போம். அவள் குடத்தைப் பார்ப்பாள், நான் லாரியைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் செத்தபோது வந்தாள். மாலை போட்டாள். என் பக்கம் திரும்பாமலே போனாள். மகன் ஓசூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, சாப்பிட்டியாம்மா என்று கேட்பான். மற்ற ஆறு நாளும் என் வாய்க்கு வேலை இல்லை.

போன வருசம் வேலூரிலிருந்து யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் வந்தார்கள். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்த பொம்பளைகளின் கதையை வைத்து, எங்கள் தெரு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு நாடகம் போடப் போவதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் வீடு வீடாக உட்கார்ந்து கதை கேட்டார்கள். என் வீட்டுக்கும் வந்தார்கள். டீ கொடுத்தேன்.

"உங்க கதையைச் சொல்லுங்க பாட்டி" என்றாள் ஒரு பெண்.

"எனக்குக் கதையெல்லாம் ஒன்னும் இல்லம்மா. இருபத்தாறு வருசம் வேலை செஞ்சேன். ஒரு சூப்பர்வைசர் என்னைப் பாத்துக் குரல் ஒசத்துனதில்ல. அதை எழுதிக்கோ."

அது நிஜம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் கைவேலையைக் குறை சொன்னவர் கிடையாது. என் வீட்டிலிருந்து எழுந்து நேராக எதிர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே ரொம்ப நேரம் இருந்தார்கள்.

நாடகம் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்து மைதானத்தில், சாயங்காலம் நாலரை மணிக்கு. மேடை கிடையாது. கோலமாவில் பெரிய வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அவரவர் வீட்டு நாற்காலியை அவரவர் தூக்கிவந்து சுற்றி உட்கார்ந்தோம். அவள் வட்டத்துக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

கதையில் தையல் மிஷினில் ஒருத்தி. அவள் பக்கத்தில், தோல் துண்டுக்குப் பேஸ்ட் தடவி ஓரம் மடித்துக் கொடுக்கிற இன்னொருத்தி. ஷூவுக்கு இடது கால், வலது கால் இரண்டும் ஒரே தோலில் வெட்டி ஒரே கட்டாக வரும். கட்டு கலந்துபோனால் நிறம் ஜோடி சேராது. ஒரு நாள் அப்படிச் சேராமல் போகிறது. பென்சிலில் மீசை வரைந்துகொண்ட பெண்தான் சூப்பர்வைசர். "கண்ணு எங்க இருந்துச்சி உனக்கு?" என்று கத்தி, தைத்தவளைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினாள். மடித்துக் கொடுத்தவள் தலையே தூக்கவில்லை. நாடகம் முழுக்க அவளுக்கு ஒரு வார்த்தை கூட இல்லை.

அது நான்தான்.

அன்றைக்கு இரண்டு கட்டு என் கை தவறிக் கீழே விழுந்தது. யாரும் பார்க்கும் முன்னே அள்ளி, அகப்பட்டபடி பிரித்துக் கட்டி, மிஷினில் இருந்த எதிர் வீட்டுக்காரியிடம் தள்ளினேன். வாய் திறந்து சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் சரிபண்ணியிருப்பார்கள். ஆனால் என்னைத்தான் யாரும் ஒன்றும் சொன்னதில்லையே, அந்தப் பேர் போகக் கூடாது என்று இருந்துவிட்டேன். பத்து மணி டீக்கு முன்னாலேயே அவளை அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருசம் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தவர்கள் நாங்கள். அன்று சாயங்காலம் கேட் தெரியாத பக்கத்து ஜன்னலில் தனியாக உட்கார்ந்து வந்தேன். நான் பேசாமல் இருந்ததற்குத்தான் அவளுக்குக் கோபம், கட்டு விழுந்தது அவளுக்குத் தெரியாது என்று இத்தனை வருசம் நினைத்திருந்தேன்.

நாடகம் முடிந்ததும் மீசைக்காரப் பெண், "மறுபடியும் முதல்ல இருந்து செய்வோம். எங்க பிடிக்கலையோ அங்க கை தட்டி நிறுத்துங்க. உள்ள வந்து அந்த ஆளுக்குப் பதிலா நீங்க நடிங்க" என்றாள். ஒருத்தி போய் சூப்பர்வைசரை நல்லாத் திட்டினாள். இன்னொருத்தி போய் மீசையையே அழித்துவிட்டு வந்தாள். ஒரே சிரிப்பு. எல்லோருக்கும் தைத்தவளாகத்தான் ஆசை.

நான் கை தட்டினேன்.

"இன்னா ஆயா, நீயும் ஹீரோயினா?" என்றது பின்னால் ஒரு குரல்.

தைக்கிற பெண் எழுந்து இடம் விட்டாள். "நீ உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு, மடித்துக் கொடுக்கிறவளை எழுப்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அங்க இல்ல" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவள்தான். என்னைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள். "அவ உக்காந்தது எனக்கு எடது பக்கம்."

நாற்காலியைத் தூக்கி இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் கத்த வேண்டும். அழிந்த மீசையோடு என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

"கத்தும்மா. கம்பெனியில வயசு பாக்க மாட்டாங்க" என்றேன்.

கத்தினாள். நான் எழுந்து நின்றேன். "சார், கட்டு கீழ வுழுந்தது என் கையால. கலந்து கட்டுனது நான். அவ தெரியாம தெச்சிட்டா. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

அந்தப் பெண் முழித்தாள். "பாட்டி, இது கதையில இல்லையே."

"உங்களுக்குச் சொன்னவளுக்கு இது தெரியாதும்மா."

"யாருக்குத் தெரியாது?" என்று எழுந்தாள் அவள். இந்தத் தடவை என்னைப் பார்த்துத்தான். "அந்தக் கட்டு வேற யார் கையில இருந்து எனக்கு வரும்? உன் கையில இருந்துதான? நீ வந்து சொல்லுவேன்னு கேட்டாண்டயே நின்னுனு இருந்தேன். பஸ்ஸு போற வரைக்கும் நின்னேன்."

நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

மீசைக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வாரம் நாட்றம்பள்ளியில போடறோம் பாட்டி. நீங்க வந்து இதே மாதிரி பேசணும்."

"அங்க வந்து யாருகிட்ட பேசறது?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். எதிர்க் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடியது. நாற்காலியை உள்ளே கொண்டுபோகாமல் அந்தக் கதவுக்கு நேராகத் தெருவிலேயே போட்டு உட்கார்ந்தேன். அவளை வெளியே அனுப்பியது பத்து மணிக்கு முன்னால். பஸ் கிளம்பியது ஐந்தரைக்கு. அவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள். நான் உட்கார்ந்திருந்தது ஒரு மணி நேரம் இருக்கும். கொசு கடித்தது. கதவு திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலமும் நாற்காலியை அங்கேயே போட்டேன்.