அம்மனுக்குப் போட்ட பல் பிளேட்டு

ஆப்பசோடாவும் கருவாடும் கலந்தால் ஒரு வாசனை வரும். அதை முகர்ந்தவர்கள் உலகத்திலேயே எங்கள் வீட்டார் மட்டும்தான் என்று நினைக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கூரை போட்டுக்கொண்டிருந்த எழுபதுகளில், எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்த ஒரு கண்ணாடித் தம்ளரிலிருந்து அந்த வாசனை கிளம்பி வீடெல்லாம் சுற்றும். தம்ளருக்குள் கிடந்தது வசந்தா அக்காவின் பல் பிளேட்டு.

அக்காவுக்கு எத்துப்பல். தெருப் பிள்ளைகள் 'தேங்காத் துருவி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சிரிப்பு வந்தாலே அவள் கை தானாக வாய்க்குப் போய்விடும். வீட்டில், என் எதிரில்கூட அப்படித்தான். வாயை மறைக்காமல் சிரிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. கம்பெனியில் வெல்டராக இருந்த எங்கள் அப்பா, நாங்கள் 'நைனா' என்போம், அவளை ரயிலேற்றி மெட்ராஸ் பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும் ரோஸ் நிறப் பிளேட்டும், பற்களை உள்ளே தள்ளும் கம்பியுமாக ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். சாப்பிடும்போது கழற்ற வேண்டும், பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு அதில்தான் தகராறு. வாயிலிருந்து எடுத்தது எச்சில், எச்சில் பச்சைத் தண்ணீரில் போகாது என்பது அவள் சட்டம். "அந்த டாக்டரு அவங்க ஊட்ல என்னிக்காவது பாத்திரம் தேச்சிருப்பாரா? அவருக்கு இன்னா தெரியும்?" என்பாள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள், ஆப்பசோடாவில் ஊறவைத்தாள், எலுமிச்சைத் தோலால் துடைத்தாள். ஒருமுறை பித்தளைச் சொம்புக்குச் செய்வதுபோலப் புளியும் சாம்பலுமாக உட்கார்ந்தே விட்டாள். அக்கா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். பழவேற்காட்டுக் கருவாட்டு வாசனை மட்டும் எதற்கும் மசியவில்லை. ஆனால் பற்கள் மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தன. "பார்றி, ஒதடு மூடுது பார்றி" என்று அக்கா என்னிடம் வந்து காட்டுவாள்.

ஆடி வந்தது. அக்காவின் பல் நேராக வேண்டும் என்று பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்த அம்மா, புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டையே கழுவினாள். கவிச்சி பட்ட சட்டி, கரண்டி, தட்டு எல்லாவற்றின் மேலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். கவிச்சி தின்ற வாயில் இருந்ததாயிற்றே என்று பிளேட்டின் மேலும் ஊற்றிவிட்டாள்.

காய்ந்த வாழைமட்டை போல அது முறுக்கிக்கொண்டது. அக்கா வாயில் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கியது. "இன்னாம்மா பண்ணிட்ட!" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். "அம்மன் கோயிலுக்குப் போறமே, சுத்தமா இருக்கட்டும்னுதாண்டி ஊத்தினேன்" என்று அம்மாவும் அழுதாள். நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரியான பேஜாரு" என்றதோடு சரி.

மறுநாள் பெரியபாளையத்தில் மூச்சு விட முடியாத கூட்டம். அம்மனுக்குப் பொங்கல் பொங்கிய பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். உண்டியல் அருகே வந்ததும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், உள்ளே பிளேட்டு! "தாயே, ஒன்ன நெனச்சிதான் சுடுதண்ணி ஊத்தினேன். இனிமே நீயே பாத்துக்கோ" என்று உண்டியலுக்குள் போட்டுவிட்டாள். பின்னாலிருந்த ஒருவர், "இன்னாம்மா, பல்செட்டையா போட்ட?" என்று அலறினார்.

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பானையை விட முடியுமா? அழுது வீங்கிய முகத்தோடு, பல்லெல்லாம் தெரிய, அத்தனை கூட்டத்தின் நடுவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா அவளையே பார்த்தாள். "எம் பொண்ணு சிரிச்சி இப்பதாண்டி பாக்கறேன்" என்றாள் என்னிடம்.

வேறு பிளேட்டு செய்யலாம் என்று நைனா கூப்பிட்டபோது, "போதும் நைனா" என்றுவிட்டாள் அக்கா. பற்கள் பழையபடி வெளியே வந்தன.

இப்போது என் பேத்தி பல்லை நேராக்க, கண்ணுக்கே தெரியாத ஒரு 'அலைனர்' போட்டிருக்கிறாள். அதை ஊறவைக்கும் கிண்ணத்தில் மாத்திரை போட்டால் தண்ணீர் நுரைக்கிறது, வாசனையே இல்லை. அம்மாவும் இல்லை, ஜன்னல் தம்ளரும் இல்லை. போன வாரம் வந்த அக்கா கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "பச்சத்தண்ணிதானே?" என்று கேட்டாள். பேத்தி ஒன்றும் புரியாமல் விழித்ததும் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. பழக்கத்தில் நான் அவள் கையைப் பார்த்தேன். அது மடியிலேயே கிடந்தது.