இரவல் சைக்கிள்

மாலை மூன்றே முக்காலுக்கு, ஆறு மாதக் கர்ப்பிணியான என் மனைவிக்கு உதிரம் போகத் தொடங்கியது. எங்கள் மகாபலிபுரத்திலிருந்து, டாக்டர் இருக்கும் திருக்கழுக்குன்றத்துக்கு அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தபோது, மாதர் சங்கம் நடத்த சர்க்கார் அனுப்பியிருந்த கிராம சேவிகை அவள் பக்கத்தில் இருந்தார்.

ஒல்லியான பெண்மணி. சைக்கிளில்தான் வருவார். மசகு துடைக்க இடுப்பில் எப்போதும் ஒரு பழந்துணி செருகியிருக்கும். "சைக்கிள் அம்மா வந்துகினு கீது, வழி வுடு!" என்று கடைத்தெருவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

"என் பொண்ணு எங்கே?" என்றேன்.

"டாக்டரை இட்டாரத்துக்கு என் சைக்கிளை எடுத்துகினு திருக்கழுக்குன்றம் போயிருக்கு."

அவளுக்குச் சைக்கிள் விடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. "வயசுப் பொண்ணு! ஊர் என்ன சொல்லும்?" என்று, துவண்டு கிடந்த மனைவியின் எதிரிலேயே கத்தினேன்.

அவர் நிமிரவில்லை. "ஊரு அப்பால பேசிக்கட்டும் சார். கட்டிலோட கால்மாட்டைத் தூக்குங்க, இன்னொரு செங்கல் வெக்கணும்."

தூக்கினேன்.

ஐந்தரைக்கு டாக்டரின் கார் வந்தது. ஊசி போட்டார். "இன்னும் அரை மணி போயிருந்தா பிழைச்சிருக்க மாட்டாங்க" என்றார். மகளைப் பற்றிக் கேட்டேன்.

"கார்ல ஏறச் சொன்னேன். இரவல் சைக்கிள், விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா."

இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தாள். பாவாடையெல்லாம் புழுதி, கையெல்லாம் கறுப்பு. அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டு, அடி விழும் என்று பயந்தவள்போல் என்னிடமிருந்து தள்ளியே நின்றாள். சேவிகை இடுப்புத் துணியை உருவி அவளிடம் நீட்டினார்.

"செயின் ரெண்டு தபா கழண்டுகிச்சுக்கா" என்றாள் அவரிடம். "நானே மாட்டிகினு வந்துட்டேன்."