சட்டைப் பையில் ஒரு ரப்பர் சீல்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய பழைய பேக்ஹோவில் எண்ணெய்க் கசிவைச் சரிபார்த்தது. எங்களுக்குச் சோறு போட்டது அந்த மண் தோண்டும் வண்டிதான். பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இன்ஜினை அணைத்து, லீவரை ஆட்டி அழுத்தத்தை இறக்கிய பிறகே சிலிண்டரைக் கழற்றினார்.

உள்ளே எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் கிழிந்திருந்தது. நான் அதை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன்.

"அளவெல்லாம் எதுக்கும்மா? பழசைக் காட்டினா கடைக்காரன் எடுத்துத் தரப்போறான்."

"அளவு இருந்தா போன்லயே சொல்லிடலாமேப்பா."

"போன்ல பேசினா டீ வாங்கித் தருவானா?"

சிரித்ததிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு நானே போறேன். இன்னிக்கு உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

சீலைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிரவு தூக்கத்திலேயே போய்விட்டார்.

வண்டி இன்னும் பக்கெட்டை ஊன்றியபடியே நிற்கிறது. வண்டியை வேலைக்குக் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். அளவு என்னிடம் இருக்கிறது. ஒரு போன் போதும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அவரே போறேன்னுதானே சொன்னாரு?" என்றாள்.

துவைக்க எடுத்த சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். சீல் அதன் பையிலேயே இருக்கிறது. கடைக்கு இன்னும் யாரும் போகவில்லை.