நிற்காத கார்கள்

என் அக்கா புருஷன் என் காரில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அந்த வருத்தம் எனக்குப் பல வருஷமாக உண்டு. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். சொந்த வண்டி வாங்கிய அன்று தெருவே வந்து பார்த்தது. அவர் மட்டும் டயரை ஒரு தட்டு தட்டிவிட்டு, என் வீட்டு முன்னறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்று நாடுகளில் தார் ரோடு போட்டவர் அவர். முதல் நாட்டில் காரே அபூர்வம். ஜனங்கள் புது ரோட்டோரம் உட்கார்ந்து, தார் ஆறும்வரை இவரோடு கதை பேசுவார்களாம். அடுத்த நாட்டில் தெருவுக்கு நாலு கார். சிலர் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்களாம். கடைசி நாட்டில் வீட்டுக்கு இரண்டு கார், கண்ணாடி மாதிரி ரோடு. அங்கே சிவப்புக் கொடியோடு நின்று வண்டிகளை ஒதுக்கிவிடும்போதுதான் அக்கா செத்த சேதி வந்தது. அதோடு ஊர் திரும்பியவர் என் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

"ஒருத்தனாவது கண்ணாடிய இறக்கி என்னன்னு கேட்டானா மச்சான்? என் கண்ணுல தண்ணி ஊத்துது, அவன் ஹாரன் அடிக்கிறான்."

"அதுக்கு என் கார் என்ன பாவம் பண்ணுச்சு மாமா?"

"நீ மட்டும் ஒழுங்கா? காலைல சர்ருன்னு போற, வந்ததும் படுத்துடுற. நான் மைல்கல்லு மாதிரி கெடக்குறேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போன மாதம் அவர் எழ முடியாமல் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் காரில் போகலாம் என்றேன். வேண்டாமென்று கையை ஆட்டினார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"ஏறச் சொல்லாத மச்சான். நாளைக்குக் கெளம்பும்போது இந்த ஜன்னல்கிட்ட வண்டிய நிறுத்து. ஹாரன் அடிக்காத. கண்ணாடிய இறக்கி, 'என்ன மாமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ."