வேண்டுமென்றே விட்ட கண்ணி

2005-இல், கடலூரில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியின் ஆசிரியர் அறையில், தையல் டீச்சர் என் மடியிலிருந்த பின்னலை வாங்கிப் பார்த்தார். மூன்று வார வேலை. ஊசியை உருவி, நூலை இழுத்து, எல்லோரும் பார்க்க அத்தனையையும் பிரித்துவிட்டார்.

"உனக்குக் கணக்கு போதும். கைவேலையெல்லாம் உனக்கு வராது," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நூலைச் சுருட்டிக்கொண்டு அன்றே கறுவிக்கொண்டேன்.

மூன்று வருடம் காத்திருந்தேன். அவர் ஓய்வுபெறும் விழாவில் சால்வை போர்த்தும் பொறுப்பைக் கேட்டு வாங்கினேன். கடைச் சால்வை வேண்டாம், நானே பின்னுகிறேன் என்றேன். எவ்வளவு பாசம் என்று தலைமையாசிரியர் நெகிழ்ந்துபோனார்.

இலை இலையாகத் துளை விட்டு வரும் பின்னல் அது. ஊசியில் கோத்திருக்கும் நூல் வளையங்களில், அதாவது கண்ணிகளில், மூன்றை ஒன்றாக்க வேண்டும், நடுக்கண்ணி மேலே வர வேண்டும். குறைந்த இரண்டுக்கு ஈடாக இருபுறமும் நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்றை மறந்தால் இலை கோணிக்கொள்ளும். பதினோரு தடவை பிரித்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் நினைவுக்கு வரும். அந்த ஆத்திரத்தில் மறுபடி பின்னுவேன். கடைசியில் இலைகள் அச்சடித்த மாதிரி வந்தன. தோளில் படியும் இடம் வந்ததும், ஒரே ஒரு கண்ணியை எதிலும் கோக்காமல் விட்டேன். இழுத்துப் போர்த்தினால் அது ஏணிப்படி மாதிரி அவிழ்ந்து இறங்கும். மேடையில், எல்லோரும் பார்க்க.

விழாவில் நன்றாக இழுத்துத்தான் போர்த்தினேன். டீச்சர் தன் தோளை விரலால் ஒருமுறை தடவினார். தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்கு ஒன்றைக் கழற்றி, அந்தக் கண்ணியைச் சரியாகப் பிடித்துக் குத்திக்கொண்டார். ஓர் இழைகூட இறங்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த மார்கழியில் சிதம்பரம் கோயிலுக்குப் போயிருந்தேன். விடியற்காலைக் குளிரில், வரிசையில் முன்னால் நின்றவரின் தோளில் என் சால்வை. அதே இடத்தில் அதே ஊக்கு. அவர் நினைத்திருந்தால் இரண்டே நிமிடத்தில் அதைச் சரிசெய்திருப்பார். செய்யவில்லை. பக்கத்திலிருந்த பெண் சால்வையைத் தொட்டு, யார் பின்னியது என்று கேட்டாள்.

"எங்க ஸ்கூல் கணக்கு டீச்சர் பின்னுனது. நடுவுல ஒரு கண்ணி விட்டுப்போச்சி. பாவம், அதுக்குக் கை அவ்ளோதான்."

சொல்லிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வேண்டுமென்றேதான் விட்டேன் என்று வாய்வரை வந்தது. அதை எப்படிச் சொல்வது?

"ஆமா டீச்சர், கை தவறிடுச்சி," என்றேன்.